கோடைக்கால முன்பயிற்சிக்கு மகள் வளாகத்திலேயே தங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எடிசன் நகரில் வாழும் ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். மாநில அரசின் கல்வி வாய்ப்பு நிதித் திட்டத்தில், அதாவது இ.ஓ.எஃப். வழியாக, என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் பிள்ளை அவள். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குவதற்கு முன், ஜூலையில் ஐந்து வாரம் விடுதியில் தங்கிப் படிப்பது கட்டாயம் என்று கடிதம் வந்திருக்கிறது. கல்லூரியோ வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது; தினமும் நானே கொண்டுபோய் விட்டு அழைத்து வர முடியும். நாங்கள் சைவ உணவுக்காரர்கள். அவளுடைய எட்டு வயதுத் தம்பியை விடுமுறைப் பகல்களில் கவனித்துக்கொள்பவளும் அவளே. விலக்குக் கேட்கலாமா?

மறுமொழி: முன்னாள் மாணவி

ஐயா, விலக்குக் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே திட்டத்தில் தங்கிப் படித்தேன். பகலில் கணிதமும் கட்டுரை எழுதுதலும் கற்பித்தார்கள். ஆனால் நான் உண்மையில் மாணவியானது இரவு உணவுக்குப் பின் ஏழு மணி முதல் பத்து மணி வரை நடந்த கூட்டுப் படிப்பில்தான். பள்ளியில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள்; அங்கே எழுதிய என் முதல் கட்டுரை பக்கத்துக்குப் பக்கம் திருத்தங்களோடு திரும்பி வந்த அன்று, பக்கத்து அறைப் பெண்ணின் கட்டுரையும் அப்படியே வந்திருப்பதைக் கண்டேன். வீட்டில் இருந்திருந்தால், எனக்கு மட்டும்தான் திறமை இல்லை என்று நினைத்து வாய் திறக்காமல் இருந்திருப்பேன்.

விடுதிக் கட்டில் மெத்தை பெரும்பாலும் 80 அங்குல நீளம் இருக்கும். வீட்டில் பயன்படுத்தும் 75 அங்குல விரிப்பு பொருந்தாது. பழைய விடுதிகள் பலவற்றில் குளிர்சாதன வசதி இல்லாததால், மேசை மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அறையில் மின்னடுப்பு வைக்க அனுமதி இராது. உணவுக்கூடத்தில் சோறும் பருப்பு வகைகளும் கிடைத்தன. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் ஊறுகாயும் மீதிக் குறையைத் தீர்த்தன.

மறுமொழி: கோடை வகுப்பில் கணிதம் கற்பிப்பவர்

தங்கும் விதியை வெறும் நிர்வாகக் கெடுபிடியாக எண்ண வேண்டாம். 1967இல் நம் மாநிலத்தின் நுவார்க் நகரில் கறுப்பின மக்களிடையே வெடித்த கிளர்ச்சிக்குப் பின், வறுமையிலும் புறக்கணிப்பிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக 1968இல் சட்டமியற்றி உருவாக்கப்பட்டது இத்திட்டம். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, பிள்ளை அங்கே நிலைத்து நிற்கவும் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கோடைப் பயிற்சியும் தனி ஆலோசகரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

விடுதிக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் திட்டம் ஏற்கிறதா, வார இறுதியில் வீட்டுக்கு வரலாமா, இரவில் மாடிக்கு ஒரு மாணவர் உதவியாளர் இருக்கிறாரா என்பவற்றை அந்த ஆலோசகரிடமே கேளுங்கள். நியூ ஜெர்சியில் விடுதியில் தங்குவோருக்கு மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) தடுப்பூசிச் சான்று தேவை என்பதால் அதை இப்போதே எடுத்து வையுங்கள். இன்னொன்று: கல்லூரியில் சேர்ந்தபின், 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவிக்கே உரியது. மதிப்பெண்களை நீங்கள் பெரும்பாலும் அவளிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கும்.

மறுமொழி: ஒரு தாய்

அண்ணா, மூன்றாம் நாள் இரவு என் மகன் அழுதுகொண்டே தொலைபேசியில் பேசினான். நான் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை வரை பொறுத்திருங்கள் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டதால் போகவில்லை. சனிக்கிழமை நான் அழைத்தபோது, நண்பர்களோடு பந்து விளையாடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவசரமாக வைத்துவிட்டான். தம்பிக்காக உங்கள் ஊர் நகராட்சியின் கோடை முகாமை விசாரியுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. தம்பியைக் கவனிக்கும் பொறுப்பு எங்களுடையது என்பதை இன்றிரவு மகளிடம் சொல்லப்போகிறேன். அந்தக் கவலையில்தான் அவள் கடிதத்தை இரண்டு நாள் எங்களிடம் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். பகலில் வீட்டில் இருப்பதற்காக, ஜூலை முழுவதும் இரவுப் பணி தருமாறு நிலைய உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன்.