மழைக்கு மட்டும் முரண்டு பிடிச்ச வண்டி: பிளக் வயர் மாத்தின அனுபவங்கள்

என்கிட்ட இருக்கிறது 1983 மாடல் ஹோண்டா கோல்ட்விங் பைக், ஜிஎல் 1100. வெயில் நாளில் ஓடுறதே தெரியாது. தூறல் விழுந்தால் போதும், நொண்ட ஆரம்பிச்சிடும். நாலு கார்புரேட்டர் இருக்கிற வண்டியில் மிஸ்ஸிங்னா, அதாவது சிலிண்டர் எரியாமல் விட்டு விட்டு ஓடினா, எல்லார் கையும் முதலில் அங்கேதான் போகும். என் கையும் போச்சு. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை தொலைஞ்சது. நாலையும் கழற்றி, ஜெட் ஊதி, மிதவை மட்டம் பார்த்து மாட்டினேன். அடுத்த மழையில் அதே நொண்டல்.

கண்டுபிடிச்சது ஒரு ராத்திரி. ஷெட் கதவைத் திறந்து வச்சு, விளக்கை அணைச்சு, வண்டியை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டு போற வயர் மேல தண்ணியைப் பனி மாதிரி அடிச்சேன். வலது பின் வயரிலிருந்து என்ஜின் கவருக்கு ஒரு நீலப் பொறி டிக் டிக்னு தாவுது! பார்க்க அழகாத்தான் இருந்தது, அதையும் சொல்லிடறேன். பகலில் அந்த வயரை வளைச்சுப் பார்த்தால் மேல்தோல் முழுக்க முடி முடியா வெடிப்பு. நாற்பது வருஷம் சூட்டிலேயே கிடந்த ரப்பர், அதைக் குறை சொல்ல என்ன இருக்கு?

மேடு ஏறும்போது ஏன் அதிகமா நொண்டுச்சுன்னும் அப்பதான் புரிஞ்சது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பிளக் இடைவெளியைத் தாண்ட வோல்ட் அதிகம் வேணும். பொறிக்கு வெடிப்பு வழியா ஈரத்தைப் பிடிச்சு வெளியே இறங்குறது அதைவிட லேசு.

மாத்துறது ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். இந்த வண்டியில் நிஜ பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில. மேலே டேங்க் மாதிரி தெரியறது வெறும் பெட்டி. அதையும் இதையும் கழற்றி, பொறிக்கு வோல்ட்டை ஏத்தித் தர்ற காயிலைப் பார்க்கவே அரை நாள். பார்த்தால் வயர் காயிலோடயே ஒட்டிக் கிடக்குது, திருகிக் கழற்ற வழியில்லை. நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டு ஓட்டறவங்க இருக்காங்க. எனக்கு மனசு வரலை, ஒட்டு போட்ட இடம் நாளைக்கு இன்னொரு கசிவு. காயில் ரெண்டையுமே மாத்தி, செம்புக் கம்பி உள்ள 7 மி.மீ. வயரைப் பழைய நீளத்துக்கே வெட்டிப் போட்டேன்.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு. அடையாளம் வைக்காமல் நாலு வயரையும் ஒண்ணா கழற்றிட்டேன். மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினால் கார்புரேட்டர் வழியா ஒரு வெடி, தெருவே திரும்பிப் பார்த்தது. முன் சிலிண்டர் ரெண்டுக்கும் ஒரு காயில், பின் ரெண்டுக்கும் ஒண்ணு. ஒரே காயிலோட ரெண்டு வயரும் தங்களுக்குள் இடம் மாறினால் ஒண்ணும் ஆகாது, ரெண்டும் ஒரே நேரத்தில்தான் பொறி விடும். இந்தக் காயில் வயர் அந்தக் காயில் சிலிண்டருக்குப் போனால்தான் வம்பு.

* * *

அண்ணே, எனக்கு வயர் நல்லா இருந்தது, வயர் நுனியில் பிளக் மேல சொருகற கேப்தான் வில்லன். வரிசையா நாலு சிலிண்டர் உள்ள பழைய டூரிங் வண்டி. ஒண்ணாவதும் நாலாவதும் ரெண்டுமே சரியா எரியலை, சைலன்சர் குழாய் ரெண்டும் மத்ததை விட ஆறிக் கிடந்தது. கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி மல்டிமீட்டர் வச்சால் ஒண்ணு 5 கிலோ ஓம் காட்டுது, இன்னொண்ணுக்கு முள்ளே அசையலை, உள்ளே அறுந்திருக்கு. உள்ளே இருந்த திருகைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங், ரெசிஸ்டர் (மின்தடை) எல்லாம் பச்சை பூத்திருந்தது. காயில், ரெண்டு வயர், ரெண்டு பிளக் எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று. ஒரு இடத்தில் அறுந்தால் கூட்டாளிக்கும் பட்டினி. உங்களுக்குக் கசிவு என்பதால் சுற்று எப்படியோ முடிஞ்சிடுச்சு, ஜோடி தப்பிச்சது. நான் வயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டி, புதுச் செம்பு தெரிஞ்சதும் புதுக் கேப்பைத் திருகினேன். அவ்வளவுதான் வேலை.

* * *

கேப் வாங்கறவங்க ரெசிஸ்டர் உள்ளதான்னு கேட்டு வாங்குங்க. நான் செம்பு வயர் போட்டு, ரெசிஸ்டர் இல்லாத கேப்பையும் பிளக்கையும் மாட்டிட்டேன். வண்டி அருமையா ஓடுச்சு. ரேடியோவைப் போட்டால் பாட்டுக்கு மேல ஒரு கொசு! என்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் சுருதி ஏத்துது. பின்சீட்டில் இருந்தவங்க ஹெட்செட்டையே கழற்றி மடியில வச்சுட்டாங்க. கார்பன் நூல் உள்ள வயரில் திருகு கேப் பிடிக்காது, அதையும் பார்த்துக்கோங்க.

* * *

கசிவு பத்தித் தம்பி சொன்னது சரி, என் கோல்ட்விங்கில் மத்த மூணு சிலிண்டரும் சூடாத்தான் இருந்தது. ஒண்ணு விட்டுப் போச்சு. பொறி பார்க்கறவங்க கேப்பை அந்தரத்தில் விட்டு ஸ்டார்ட்டர் அடிக்காதீங்க. பிளக்கைச் சொருகி என்ஜின் உலோகத்தில் படும்படி வச்சு அடிங்க. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் பொறியைக் கட்டுப்படுத்தற பெட்டியே போயிடலாம்.

நேத்து நல்ல மழை. வேணும்னே எடுத்துட்டுப் போனேன். வண்டி ஒரு தடவை கூட நொண்டலை. ரெயின்கோட்தான் ஒழுகுச்சு.