புதுப்பிப்பு: ஆம்பிளிஃபையரா, ஆண்டெனாவா? போட்டி முடிந்தது

முந்தைய பதிவில் கேட்டிருந்தேன்: சி.க்யூ. வேர்ல்டு வைட் என்ற ஹாம் (அமெச்சூர்) வானொலிப் போட்டிக்கு முன்னால் 100 வாட் ரிக்கோடு (ரேடியோ கருவியோடு) அனுப்பும் சக்தியைக் கூட்டும் லீனியர் ஆம்பிளிஃபையர் சேர்ப்பதா, ஆண்டெனாவைச் சரிசெய்வதா என்று. பலரும் ஆண்டெனா என்றீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று.

20 மீட்டர் அலைநீள பேண்டுக்கான (அலைவரிசைப் பகுதிக்கான) என் டைபோல் கம்பி ஆண்டெனா வெறும் 5 மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது கால் அலைநீளம்தான்; சக்தியில் பெரும்பகுதி நேராக வானத்துக்கே போகும். 10 மீட்டருக்கு ஏற்றியதும் கதிர்வீச்சு தொடுவானத்திலிருந்து சுமார் 30 டிகிரிக்குத் தாழ்ந்தது. தொலைதூர நிலையங்கள் முதல் அழைப்பிலேயே பதில் தந்தன. 100-லிருந்து 400 வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது 6 டெசிபல், அதாவது சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் அளவில் ஒரே ஒரு யூனிட். அதுவும் அனுப்பும்போது மட்டும். உயர்த்திய ஆண்டெனா கேட்கவும் உதவுகிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கேபிளில் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்களால் சோக் (இரைச்சல் மின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்பு) போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. இரைச்சல் எஸ்5-லிருந்து எஸ்3-க்கு இறங்கியது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

போட்டியின் 48 மணி நேரமும் உட்காரவில்லை, தூக்கம் தேவைப்பட்டது. ஆனால் ஒரே பேண்டில் சி.க்யூ. (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்துக்கொண்டே இருந்தது தவறு. ஒவ்வொரு பேண்டிலும் புதிய நாடும் புதிய மண்டலமும் மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்ணில் சேரும். 15 மீட்டர் பேண்டில் தொலைதூரத் தொடர்பு கிடைத்தபோதே தேடிப்போயிருந்தால் மதிப்பெண் கூடியிருக்கும்.

நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் சி.டபிள்யூ. (மோர்ஸ் குறியீடு) பகுதி. பக்கத்து நிலையங்களை வடிகட்ட 500 ஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் போதுமா, இன்னும் குறுகியது வேண்டுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.