மதிலோரம் 3 அடி இடம், எப்போதும் பச்சையாக நிற்கிற சின்ன மரம் எது?

கேள்வி (கோண்டாவில், யாழ்ப்பாணம்): மதிலுக்கும் சீமெந்து நடைபாதைக்கும் இடையில் 3 அடிதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் நேரே தெரிவதால் ஆள் உயரத்துக்கு மேல் மறைப்பு வேண்டும், இலை கொட்டி மொட்டையாக நிற்கக் கூடாது, வேர் மதிலை வெடிக்க வைக்கவும் கூடாது. வேம்பு வைக்கலாமா?

பதில் 1: வேம்பு வேண்டவே வேண்டாம், அந்த இடத்துக்கு அது பெரிய மரம். நெட்டிலிங்கம் பாருங்கள். கொப்புகள் கீழே தொங்குகிற இனம் ஒடுங்கி நேராக வளரும், ஆனால் விட்டால் வீட்டுக் கூரையையும் தாண்டிப் போய்விடும்; நுனியை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) நேரே அடிக்கிற பக்கமென்றால் இளங்கன்றுக்குத் தடி கட்டாமல் விடாதீர்கள்.

பதில் 2: என் தெரிவு நந்தியாவட்டை. வருஷம் முழுக்கப் பச்சை, வெட்ட வெட்ட அடர்த்தியாகும், சாமிக்குப் பூவும் கிடைக்கும். வெட்டும்போது பால் வரும், கண்ணில் படாமல் பாருங்கள். அலரியும் வறட்சியைத் தாங்கும்தான், ஆனால் முழுச் செடியும் நஞ்சு. பிள்ளைகள், ஆடு உள்ள வளவில் அதை வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, தேசி (எலுமிச்சை) வைத்தால்? காயும் கிடைக்குமே.

பதில் 2: வைக்கலாம், முள் நடைபாதைப் பக்கம் நீளும். நம்முடைய சுண்ணாம்புக் கல் நிலத்தில் தேசிக்கு இரும்புச்சத்து சரியாக ஏறாது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகும். குழியை அகலமாக வெட்டிக் கல்லைப் பொறுக்கி, மக்கிய எரு போடுங்கள். எதை நட்டாலும் ஐப்பசி மழையோடு நடுங்கள்.