பீட் நிலம் சூடேறி வறண்டால் அதனுள் வாழும் சிற்றுயிர்கள் என்ன ஆகும்?

கேள்வி: முதுகலை மாணவி
கருத்தரங்கு ஒன்றுக்காக, அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் மார்செல் ஆய்வுக் காட்டில் அமைந்த ஸ்ப்ரூஸ் (SPRUCE) பரிசோதனையைப் பற்றிப் படித்து வருகிறேன். ஸ்பாக்னம் பாசி மூடிய பீட் நிலத்தில் (நீர் தேங்கி, முழுதும் மக்காத தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம்) மேல்பக்கம் திறந்த 10 பெரிய கூண்டுகளை அமைத்து, சிலவற்றை இயல்பு நிலையிலும், மற்றவற்றை 2.25 முதல் 9 டிகிரி செல்சியஸ் வரை படிப்படியாகக் கூடுதல் வெப்பத்திலும் வைத்திருக்கிறார்கள். ஆழத்துப் பீட்டைச் சூடேற்றுவது 2014-இலும், காற்றைச் சூடேற்றுவது 2015-இலும் தொடங்கின. கார்பன், மீத்தேன் பற்றி ஏராளமாகக் கிடைக்கிறது. துள்ளுவால் உயிரிகள் (springtails எனும் ஆறுகால் மண் சிற்றுயிர்கள்), மண் சிற்றுண்ணிகள் (mites) பற்றித்தான் எனக்குக் குழப்பம். குளிர்ப் பகுதியில் வாழ்பவை என்பதால் வெப்பம் கூடினால் அவை பெருகத்தானே வேண்டும்? மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடுமா?

மறுமொழி 1: மண் உயிரியல் ஆசிரியர்
வெப்பத்தையும் வறட்சியையும் முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஈரம் குறையாதவரை வெப்பம் முட்டை பொரிவதையும் வளர்ச்சியையும் விரைவாக்கும். அந்த அளவில் உங்கள் ஊகம் சரியே. ஆனால் துள்ளுவால் உயிரிகளில் பெரும்பாலானவை மெல்லிய தோல் வழியாகவே சுவாசிப்பவை என்பதால், அவற்றைச் சுற்றியுள்ள காற்று ஈரமாகவே இருக்க வேண்டும். அவற்றால் மண்ணைத் தோண்டவும் முடியாது. ஏற்கெனவே இருக்கும் இடுக்குகளில்தான் குடியிருக்கும். பீட் நிலத்தில் மேலே காய்ந்து வெளுத்த பாசி, கீழே ஆக்சிஜன் இல்லாத நீர். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய அடுக்கே அவற்றின் வீடு. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்த வீடு கீழ்நோக்கி விரிகிறது என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத செய்தி. ஆகவே எப்போதும் நீர் தேங்கியிருந்த பள்ளங்களில் தொடக்கத்தில் எண்ணிக்கை கூடவும் வாய்ப்புண்டு. ஆனால் ஆழத்துப் பீட் அதிகம் மக்கியது. அதன் இடுக்குகளும் நுண்ணியவை. நீண்ட காலும் உணர்கொம்பும் கொண்ட மேற்பரப்பு இனங்கள் அங்கே நுழைய முடியாமல் தவிக்க, வெளிறிய, குட்டைக்கால் இனங்களே பயனடையும்.

மறுமொழி 2: ஆய்வகத்தில் பணிபுரிபவர்
எண்ணும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெர்லீஸ்-டுல்கிரென் புனலில் மாதிரியை வைத்து மேலே பல்பை எரியவிட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் அஞ்சி உயிரிகள் கீழே இறங்கி ஆல்கஹாலில் விழும். ஒருமுறை அவசரத்தில் முதல் இரவே பல்பை முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டேன். காலையில் குப்பியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாதிரியின் காய்ந்த மேலடுக்கைப் பெயர்த்துப் பார்த்தபோது, இறங்குவதற்குள் பாசி இலைகளுக்கிடையே காய்ந்து ஒட்டிப்போன துள்ளுவால்கள் வெண்பொடிபோல் கிடந்தன. அதன்பிறகு வெளிச்சத்தைச் சில நாட்களில் மெல்ல மெல்லத்தான் கூட்டுகிறேன். அந்தப் புனலே ஒரு செயற்கை வறட்சிதான் என்பதால், குப்பியில் விழாத உயிரி நிலத்திலும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மாதிரியையும் 5 சென்டிமீட்டர் அடுக்குகளாக வெட்டித் தனித்தனியே எண்ணுங்கள்.

மறுமொழி 3: சூழலியல் ஆய்வாளர்
ஓரிபாட்டிட் சிற்றுண்ணிகளில் வயது வந்தவற்றுக்குத் தடித்த ஓடு உண்டு. ஓராண்டுக்கு மேல் வாழும், மெதுவாகவே இனம் பெருக்கும். எனவே குஞ்சுகள் மாண்ட கோடைக்குப் பின்னும் மொத்த எண்ணிக்கை நலமாகவே தோன்றும். இதற்கு நேர்மாறானவை, இங்கிலாந்தின் மூர் ஹவுஸ் பீட் நிலத்தில் விரிவாக ஆராயப்பட்ட என்கிட்ரேயிட் வெண்புழுக்கள். அங்கே மிகுந்துள்ள இனத்தின் உடல் துண்டுபட்டு ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளர்வதால் ஈரமான வெப்பத்தில் விரைவாகப் பெருகும். பீட் காயத் தொடங்கினால் தாங்காது. இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஸ்ப்ரூஸ் கூண்டுகளில் மழையை யாரும் தடுக்கவில்லை. சூடு கூடியதால் நீராவிப்போக்கு மிகுந்து பீட் உலர்கிறது. சூடான கூண்டுகளில் ஸ்பாக்னமே குறைந்து புதர்கள் ஓங்கியிருக்கின்றன. அப்படியிருக்க, அங்கே சிற்றுயிர்களில் காணும் மாற்றத்தை வெப்பத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, மற்ற இருவருக்கும் நன்றி. அட்டவணையில் ஒரே பத்தியாக வைத்திருந்த எண்ணிக்கையை ஆழம், வளர்ச்சிப் பருவம், மேடு அல்லது பள்ளம் எனப் பிரித்து எழுதுகிறேன். அருகிலேயே நீர்மட்டத்தையும் சேர்க்கிறேன். சிற்றுண்ணிகளில் குஞ்சுகளையும் முதிர்ந்தவற்றையும் பிரிக்காமல் எண்ணிய தரவை எப்படிக் கையாள்வது என்று மட்டும் இன்னும் விளங்கவில்லை.

மறுமொழி 3-ஐ எழுதியவர்:
அத்தகைய தரவில் ஒரு கோடையை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவு சொல்லாமல், அடுத்தடுத்த ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். குஞ்சுகளின் இழப்பு அங்கே தாமதமாக வெளிப்படும்.