பயனர் குழுப் பொறுப்பு என் தலையில், கூட்டத்துக்கு ஆள் இல்லை. உதவுங்கள்

கொடிக்கால்:
வணக்கம், அவசரம். எங்கள் பயனர் குழுவை நடத்திவந்த அண்ணன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் கூட்டத்துக்கு 31 பேர், அடுத்ததற்கு 6 பேர். போன ஞாயிறு நானும் காவலாளியும் மட்டும். வரும் ஞாயிறு மறுபடி கூட்டம். என்ன செய்தால் ஆள் வரும்?

தேநீர்க்கடை:
தம்பி, எந்த மென்பொருள்? எந்த ஊர்? நேரிலா, இணையத்திலா?

ஆலமரம்77:
நாள்காட்டியைப் பார்த்தீர்களா? எங்கள் ஊரில் மூன்று கூட்டங்கள் கல்யாணச் சாப்பாட்டிடம் தோற்றிருக்கின்றன. முகூர்த்த ஞாயிற்றில் யார் வருவார்கள்?

முதுநிரலர்:
இந்தக் கேள்வியை ஆண்டுக்கு நான்கு பேர் கேட்கிறார்கள். பழையதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை. சென்னை லினக்ஸ் பயனாளர் குழு 1998 முதல் இருக்கிறது. பல ஆண்டுகள் இரண்டாம் சனிக்கிழமை என்றால் கால் தானாக ஐஐடி வளாகத்துக்குப் போயிற்று. நாளை மாற்றாதே, இடத்தை மாற்றாதே. தலைமை என்பது அவ்வளவுதான். அது சரி, பொறுப்புக்கு வருமுன் எத்தனை கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போட்டீர்கள்?

வெண்தாடி:
பயனாளர் அல்ல ஐயா, பயனர்.

கொடிக்கால்:
மன்னிக்கவும், லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். திண்டுக்கல் பக்கம், ஒரு நூலக மாடியில், காலை 10 மணி. முகூர்த்தம் இல்லை, பார்த்துவிட்டேன். நாற்காலி எல்லாக் கூட்டத்திலும் நான்தான் போட்டேன்.

முதுநிரலர்:
எழுத்தாளர், பேச்சாளர் சரியென்றால் பயனாளரும் சரிதான்.

வெண்தாடி:
பேச்சை ஆள்பவர் பேச்சாளர். நீங்கள் எந்தப் பயனை ஆள்கிறீர்கள்? இப்படியே விட்டால் நாளை பயனாளி என்பீர்கள். பயனாளி, விலையில்லா வேட்டி சேலைக்கு வரிசையில் நிற்பவர்.

ஆலமரம்77:
லினக்ஸ் நிறுவுகிறவரும் காசு கொடுப்பதில்லையே, பயனாளி என்றால் என்ன தப்பு?

சிற்றோடை:
கொடிக்கால், இவர்களை விடுங்கள். 31 எப்படி ஒரே தாவலில் 6 ஆகும்? முதல் கூட்டத்தில் என்ன நடந்தது?

கொடிக்கால்:
நிறுவல் முகாம், வருகிறவர்களின் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்ததல்லவா, பழைய மடிக்கணினிகளோடு நிறையப் பேர் வந்தார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. ஒரு மாணவியின் கணினி மட்டும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டு நின்றுவிட்டது. வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னோம். சின்ன விஷயம் என்று எழுதவில்லை.

சிற்றோடை:
உங்களுக்குச் சின்ன விஷயம். அவர் வகுப்பில் "லினக்ஸ் போடப் போனேன், கணினியே போயிற்று" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? ஆறு பேர் வந்ததே பெரிது.

அது பிட்லாக்கர், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் செக்யூர் பூட்டை (Secure Boot, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் காவல்) அணைத்திருப்பீர்கள், வட்டு பூட்டிக்கொண்டது. வட்டில் வேறு எதையும் தொடவில்லையென்றால் தரவு அப்படியே இருக்கும். செக்யூர் பூட்டைப் பழையபடி இயக்கிப் பாருங்கள், பல நேரம் எண் கேட்காமலே திறக்கும். இல்லாவிட்டால் மீட்பு எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியிலேயே உள்நுழைந்து எடுக்கலாம். திரையில் தெரியும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள், இன்றே அவரோடு பேசுங்கள். அடுத்த முகாமில் வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். பிட்லாக்கர் இருக்கிறதா, கோப்புகளை நகலெடுத்தாயிற்றா என்று கேட்காமல் யாரையும் உள்ளே விடக் கூடாது. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். நாற்காலியையும் வேறு யாராவது போடட்டும்.

முதுநிரலர்:
செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் கையொப்பமிட்ட துவக்கி இருக்கிறது. இதையும் படித்திருக்கலாம்.

தேநீர்க்கடை:
முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

முதுநிரலர்:
கேட்டால்தானே சொல்ல முடியும்?

ஆலமரம்77:
வடை போட்டுப் பாருங்கள். சூடாக.

கொடிக்கால் (ஐந்து நாள் கழித்து):
செக்யூர் பூட்டை இயக்கியும் எண் கேட்டது. கணினியை முதலில் வாங்கிப் பயன்படுத்தியவர் அந்த மாணவியின் அண்ணனாம், எண் அவர் கணக்கில் இருந்தது. திறந்ததும் மாணவி ஆய்வேட்டுக் கோப்பைத்தான் தேடினார், இருந்தது. ஞாயிறு 4 பேர் வந்தார்கள், அவர் வரவில்லை. நன்றி.

சிற்றோடை:
வாசலில் யார் நின்றார்கள்?

வெண்தாடி:
ஆக, நான்கு பயனர்கள்.