டௌட்டி தெரு வீட்டில் கேத்தரின்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் என்றால் ஏழைக் குழந்தைகளின் பக்கம் நின்றவர். கல்லூரி நாட்களிலிருந்து எனக்கு அவர் அப்படித்தான். அதனால் லண்டன் போனதும் முதல் வேலையாக 48, டௌட்டி தெருவைத் தேடிப் போனேன். 1837 முதல் 1839 வரை அவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம்.

கடனுக்காக அவருடைய அப்பா அடைபட்டிருந்த மார்ஷல்சி சிறையின் இரும்புக் கிராதி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது. 12 வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியிருக்கிறான். அந்த அவமானத்தை ஆயுள் முழுக்க மறைத்தார். அவர் இறந்த பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது.

மாடியில், மனைவி கேத்தரினின் தங்கை மேரி 17 வயதில் இறந்த அறை. அவள் விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தை அவர் கடைசிவரை அணிந்திருந்தார். அதுவரை நான் அவருக்காகத்தான் கலங்கிக்கொண்டிருந்தேன்.

கீழே சாப்பாட்டு அறைக்கு வந்ததும் மனசு கேத்தரினிடம் போய்விட்டது. இறந்தவள் அவளுடைய தங்கையும்தானே? 15 வருடத்தில் பத்துப் பிள்ளைகள் பெற்றவள். விருந்துகளுக்கான உணவுப் பட்டியல்களைப் புனைபெயரில் புத்தகமாகவும் போட்டிருக்கிறாள். 22 வருடத் திருமண வாழ்க்கைக்குப் பிறகு, 1858-ல் டிக்கன்ஸ் அவளைப் பிரித்து அனுப்பினார். அதற்கு முந்தைய வருடம்தான் எல்லன் டெர்னன் என்ற 18 வயது நடிகையைச் சந்தித்திருந்தார். அவருக்கு அப்போது 45. பிரிவோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தன் பத்திரிகையிலேயே விளக்க அறிக்கை வெளியிட்டார். மனைவிக்கு மனநிலை சரியில்லை என்ற தொனியில் அவர் எழுதிய கடிதமும் வெளியே வந்து அச்சாகிவிட்டது. மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனான்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை. ஏனென்றால் இதே மனிதருக்கு அடுத்தவர் வலி புரியாமல் இல்லை. எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண், 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் யூதத் திருடன் ஃபேகினின் பாத்திரம் தன் மக்களை இழிவுபடுத்துவதாக 1863-ல் அவருக்கு எழுதினாள். முதலில் சமாளித்தார்தான். அப்புறம் அந்த நாவலின் பிந்தைய பதிப்பில் பல இடங்களில் 'யூதன்' என்ற சொல்லை நீக்கினார், அடுத்த நாவலில் நல்ல யூதர் ஒருவரைப் படைத்தார். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு பெண்ணின் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது. கேத்தரினுடையது விழவில்லை.

எழுத்து வேறு, ஆள் வேறு என்று சிலர் சொல்வார்கள். என்னால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. இன்றும் ஆசையோடு வாசிக்கிறேன், ஆனால் கேத்தரினும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

1860-ல் டிக்கன்ஸ் தனக்கு வந்த கடிதங்களை வீட்டுத் தோட்டத்தில் தீ மூட்டி எரித்தார். கேத்தரின் அவர் எழுதியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தாள். 1879-ல், சாகக் கிடந்தபோது அவற்றை கேட் என்ற மகளிடம் கொடுத்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்த்துவிடச் சொன்னாள். ஒரு காலத்தில் அவர் தன்னை நேசித்தார் என்று உலகம் அறிய வேண்டுமாம். அந்த கேட் பிறந்தது இதே டௌட்டி தெரு வீட்டில், 1839-ல்.