மோபா கேமை போர்டு கேமாக மாற்றுகிறேன், யோசனை சொல்லுங்கள்

டோட்டா, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் மாதிரி அணிக்கு ஐந்து பேர் மோதி எதிரியின் தளத்தைத் தகர்க்கும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை (அதுதான் மோபா) மேஜைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். என் வடிவத்தில் அணிக்கு மூன்று பேர், எதிரித் தளத்துக்குப் போக இரண்டே பாதை. தாயம் உருட்டுவது கிடையாது. எல்லாரும் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவோம். பெரிய எண் வைத்தவர் முதலில் நகர்வார். இதுவரை சரி.

மினியன்களில்தான் (பாதையில் தானாக நடந்து போய்ச் சண்டையிடும் குட்டிப் படைவீரர்கள்) மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் 30 வினாடிக்கு ஒரு அலையைத் தானாக அனுப்பிவிடும். இங்கே ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தினால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. அதனால் பாதைக்கு ஒரே காய் வைத்தேன்: சுற்று முடிவில் அங்கே ஆள் அதிகமுள்ள அணி அதை, பாதையைக் காக்கும் எதிரிக் கோபுரத்தை நோக்கி ஒரு கட்டம் தள்ளும். வேகம் வந்துவிட்டது, ஆனால் மினியனைக் கொல்லும் கடைசி அடியை நாமே அடித்துக் காசு சேர்க்கும் சுகம் போயே போச்சு. என்னைக் கேட்டால் அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதை எப்படி மீட்பது?

அப்புறம், முந்திய அணி லெவல் ஏறி ஏறி இன்னும் பலமாகிவிடுகிறது. பின்தங்கியவர்கள் முன்னிலையில் இருப்பவரை வீழ்த்தினால் கூடுதல் காசு என்பது தெரியும். பேப்பரும் பேனாவும் எடுக்காமல் அதைக் கணக்கு வைக்க வழி உண்டா? எதிரியை மறைக்கும் இருட்டை இப்போதைக்கு விட்டுவிட்டேன், அதற்கு நடுவர் ஒருவர் வேண்டியிருக்கும். போர்டு கேம் வடிவமைத்த அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.